ஓதுவார் மகன் படித்த சமய எம்.ஏ.

அப்பா திருவையாறு பக்கம் ஒரு கோயிலில் ஓதுவார். லண்டனில் சமய ஆய்வில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும், "ஏம்ப்பா, அது பாதிரியார் ஆகுற படிப்பா?" என்று கேட்டார். சேர நினைக்கும் பாதிப் பேருக்கு இருக்கும் சந்தேகம்தான் அது. இறையியல் வேறு, இது வேறு. இங்கே கடவுள் உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. கடவுள் உண்டு என்று நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பாடம். பிரிட்டனில் இதற்கென்று முதல் துறையை நினியன் ஸ்மார்ட் 1967இல் லங்காஸ்டரில் தொடங்கினார். நான் படித்த இடம் அதுவல்ல. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

ஓராண்டுப் படிப்பு, 180 கிரெடிட். அதில் 60 ஆய்வேட்டுக்குப் போய்விடும். வகுப்பு வாரத்துக்கு ஆறேழு மணி நேரம்தான். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், வாசிக்கச் சொல்வது மூட்டை மூட்டையாக இருக்கும்.

எனக்குக் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது களப்பணி வகுப்பில். ஒரு வழிபாட்டைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதி வா என்றார்கள். ஆர்ச்வே சாலையில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனேன். நமக்குத் தெரியாத கோயிலா என்ற மிதப்பு வேறு. 'தீபாராதனையின்போது அனைவரும் மெய்ம்மறந்து நின்றனர்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை 'அனைவரும்' என்பதன் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் "எண்ணினாயா?" என்று எழுதியிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போய் எண்ணினேன். 31 பேர். இரண்டு பிள்ளைகள் ஒரே போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் காரை நினைத்து வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு பாட்டி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதுவும் கற்பூரப் புகையாலா பக்தியாலா என்று என்னால் சொல்ல முடியாது. இருபது வருடம் கோயிலிலேயே வளர்ந்தவன், கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

இனி குறை. பாடத்திட்டம், சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான மாக்ஸ் முல்லரின் 1870 சொற்பொழிவில் தொடங்குகிறது. 'ஒரு மதத்தை மட்டும் அறிந்தவன் எதையும் அறியாதவன்' என்பது அவருடைய வாதம். சரி. ஆனால் மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப் போய் 'உன் கொள்கை என்ன' என்று கேட்கிறாளே, 27ஆம் காதை, அது இந்தப் படிப்பில் வர வேண்டாமா? சாத்தனார் பௌத்தச் சார்போடுதான் எழுதினார், முல்லருக்கு மட்டும் சார்பு இல்லையா என்ன? வகுப்பில் சொன்னேன். எல்லோரும் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்கள். அதோடு சரி.

லண்டன் கோயில்களில் தேவாரம் பாடுவதைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். எனக்கு வாய்த்த வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. பண் என்றால் ராகமா என்று கேட்டார். ஏறத்தாழ அப்படித்தான் என்று அன்றைக்குச் சொல்லித் தப்பித்தேன். அப்புறம் அந்த 'ஏறத்தாழ'வை விளக்கவே நான்கு பக்கம் போயிற்று. நான் மொழிபெயர்த்த பதிகத்தைச் சரிபார்க்கத் துறையில் ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் அப்பாதான் பார்த்துத் திருத்தினார். கட்டணம் மட்டும் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல்!

வேலையைப் பற்றிக் கேட்பீர்கள். என்னோடு படித்தவர்களில் பலர் ஏற்கெனவே பள்ளி ஆசிரியர்கள், அவர்களுக்கு உதவும். எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர் என்றால் தாராளமாகச் சேரலாம். வேலைக்காக என்றால் வேண்டாம்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, பென்சில் கோட்டுக்கு.

தமிழ்ப் பொருளில் ஆய்வு செய்ய நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று பெயரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'தெற்காசிய வல்லுநர்கள் இருக்கிறார்கள்' என்று பதில் வந்தால், இல்லை என்று அர்த்தம்.