ஏசிசிஏவா, சிங்கப்பூர் சிஏவா? தாள்களை எண்ணும் முன் பார்க்க வேண்டியவை

ஏசிசிஏ (பிரிட்டன் அமைப்பு ஒன்று தரும் கணக்காளர் தகுதி) படிக்கலாமா, சிங்கப்பூர் சிஏ (சிங்கப்பூரின் பட்டயக் கணக்காளர் தகுதி) படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் தேர்வுத் தாள்களைத்தான் எண்ணுகிறார்கள். ஏசிசிஏவுக்கு 13. சிங்கப்பூர் சிஏவின் தொழில்முறை நிலைக்கு 5. பார்த்தவுடன் இரண்டாவது பாதிக்கும் குறைவு என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே படியிலிருந்து எண்ணத் தொடங்குவதில்லை. 13 என்பது பள்ளிப் படிப்பை முடித்தவருக்கான கணக்கு. 5 என்பது கணக்கியல் பட்டம் கையில் உள்ளவருக்கான கணக்கு. அதே பட்டதாரி ஏசிசிஏ பக்கம் போனால் அதிகபட்சமாக 9 தாள்களுக்கு விலக்கு கிடைக்கலாம், மிஞ்சுவது 4. ஆகவே பட்டதாரிக்குத் தாள் எண்ணிக்கை எதையும் தீர்மானிப்பதில்லை. அவருடைய வேலை அனுபவத்துக்கு யார் கையெழுத்துப் போடப்போகிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. அதற்கு வருமுன் நுழைவாயிலைப் பார்ப்போம்.

எங்கே நுழைகிறீர்கள்

ஏசிசிஏவில் சேரப் பட்டம் தேவையில்லை. ஆங்கிலம், கணிதம் உட்பட 5 பாடங்களில், இரண்டு 'ஏ' நிலையிலும் மூன்று 'ஓ' நிலையிலும் தேறியிருந்தால் போதும். பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்தவருக்கு டிப்ளோமாவைப் பொறுத்துச் சில தாள்கள் கழியும். முதல் 3 தாள்களைக் கணினியில், நமக்குத் தோதான நாளில் எழுதலாம். அடுத்த 6 திறன் நிலை. கடைசி 4 உத்தி நிலை: இரண்டு கட்டாயம், மற்ற இரண்டை நான்கிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு அமர்வுகள். உத்தி நிலையில் முதல் தாள் தேறிய நாளிலிருந்து 7 ஆண்டுக்குள் மற்றவற்றையும் முடிக்க வேண்டும். தவறினால் பழைய தேர்ச்சிகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்.

சிங்கப்பூர் சிஏவை நடத்துவது இஸ்கா எனும் சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் கழகம். என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு போன்ற பல்கலைக்கழகங்களின் அங்கீகரிக்கப்பட்ட கணக்கியல் பட்டம் இருந்தால் நேராகத் தொழில்முறை நிலைக்குப் போகலாம். பொறியியலோ வேறு துறையோ படித்தவர் முதலில் அடிப்படை நிலையைக் கடக்க வேண்டும். தொழில்முறை நிலையில் தணிக்கை, நிதி அறிக்கை, வரி, வணிக மதிப்பும் ஆளுமையும் இடரும் என நான்கு பாடங்கள். அவற்றையெல்லாம் சேர்த்துச் சோதிக்கும் ஒருங்கிணைந்த தாள் கடைசி. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும்.

தணிக்கை நிறுவனத்தில் இருப்பவருக்கு இந்தக் கால அட்டவணை முக்கியம். சிங்கப்பூரில் ஏராளமான நிறுவனங்களுக்கு டிசம்பர் 31இல் கணக்காண்டு முடிகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்புவதே அரிது. அந்தக் காலத்தில் ஏசிசிஏ மார்ச் அமர்வுக்குப் பணம் கட்டுவது வீண். நான்கு அமர்வுகள் என்பது இவருக்கு நடைமுறையில் மூன்றுதான்.

விலக்கில் ஒரு பொறி இருக்கிறது. பட்டம் வாங்கி ஐந்தாறு ஆண்டு கழித்து 9 விலக்குடன் நேராக உத்தி நிலை நிதி அறிக்கைத் தாளில் உட்காருபவர், குழுமக் கணக்கு ஒருங்கிணைப்பிலும் ஒத்திவைக்கப்பட்ட வரியிலும் சறுக்குகிறார். அந்தத் தாள் திறன் நிலைப் பாடத்தை மறுபடி கற்பிக்காது, தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும். கிடைத்த விலக்கை வேண்டாமென்று விட்டுவிட்டுத் தாளை எழுத ஏசிசிஏ அனுமதிக்கிறது. எழுதாவிட்டாலும் திறன் நிலை நிதி அறிக்கைப் புத்தகத்தை எட்டு வாரமாவது புரட்டுங்கள்.

எந்த நாட்டு வரி

சிங்கப்பூர் சிஏவில் இந்தக் கேள்வியே இல்லை, உள்ளூர் வரிதான். ஏசிசிஏவின் வரித் தாளில் பிரிட்டன் வகையும் உண்டு, சிங்கப்பூர் வகையும் உண்டு. பிரிட்டன் வகை ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது, பயிற்சிப் புத்தகங்களும் நிறைய. அதனால் பலர் அதை எடுத்து, 12,570 பவுண்டு தனிநபர் விலக்கு, 20 விழுக்காட்டு வாட் (மதிப்புக் கூட்டு வரி), மூலதன ஆதாய வரி என்று மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் தேக்காவில் ஒரு மொத்த வியாபாரியின் கணக்கைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார்கள். இங்கே மூலதன ஆதாய வரி இல்லை, பொருள் சேவை வரி 9 விழுக்காடு, நிறுவன வரி 17 விழுக்காடு.

அந்த 17-ஐயும் அப்படியே பெருக்கிவிட முடியாது. வரிக்குரிய வருமானம் 2,00,000 சிங்கப்பூர் வெள்ளி என்று வையுங்கள். பகுதி விலக்கில் முதல் 10,000க்கு 75 விழுக்காடும் அடுத்த 1,90,000க்கு 50 விழுக்காடும் கழியும். 7,500 கூட்டல் 95,000, ஆக 1,02,500 விலக்கு. மீதி 97,500க்கு 17 விழுக்காடு, 16,575 வெள்ளி. அதுவே தகுதியுள்ள புதிய நிறுவனத்தின் முதல் மூன்று வரி ஆண்டுகளில் ஒன்றானால், முதல் 1,00,000க்கு 75, அடுத்த 1,00,000க்கு 50 விழுக்காடு விலக்கு, வரி 12,750தான். ஒரே வருமானம், 3,825 வெள்ளி வித்தியாசம். சிறு நிறுவனத்தில் முதலாளி முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

சிங்கப்பூரில்தான் வேலை என்று முடிவானவர் சிங்கப்பூர் வகையையே எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் அது ஜூன், டிசம்பரில் மட்டுமே வரும். ஜூனில் தவறினால் செப்டம்பரில் எழுத முடியாது. அதற்கேற்ப மற்ற தாள்களை நகர்த்தி வையுங்கள்.

கையெழுத்து

இரண்டுக்கும் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். ஏசிசிஏவுக்கு 36 மாதம், எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி. தேர்வுக்கு முன்போ பின்போ சேர்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் சிஏவில் வழிகாட்டியின் மேற்பார்வையில் பெற்ற அனுபவம்தான் செல்லும், நிறுவனத்துக்கான அங்கீகாரமும் பார்க்கப்படும். பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு இது தானாக அமையும். பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் ஒரே கணக்காளராக இருப்பவருக்கு அமையாது. ஆகவே சிங்கப்பூர் சிஏ எண்ணம் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்தின் அங்கீகாரத்தையும் வழிகாட்டி யார் என்பதையும் மனிதவளத் துறையிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஏசிசிஏவில் மாதங்களை நேரடி மேலாளர் உறுதிசெய்யலாம். ஆனால் வேலையில் செய்து காட்ட வேண்டிய 9 செயல்திறன் இலக்குகளுக்குத் தகுதி பெற்ற கணக்காளர்தான் ஒப்பம் தர வேண்டும். முதலாளி கணக்காளர் இல்லையென்றால் நிறுவனத்தின் வெளித் தணிக்கையாளரை அணுகலாம். உங்கள் வேலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலையை விட்டு இரண்டாண்டு கழித்துக் கையெழுத்துத் தேடி அலைவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. ஒவ்வோர் இலக்கையும் முடித்த மாதத்திலேயே எழுதி ஒப்பம் வாங்கிவிடுங்கள்.

எழுதும் விதமும் முக்கியம். "மாதந்தோறும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்தேன்" என்று எழுதினால் அது வேலை விவரம். "வங்கி அறிக்கைக்கும் பேரேட்டுக்கும் 4,320 வெள்ளி வித்தியாசம் வந்தது, ஒரே ரசீது இருமுறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன், அதன்பின் ரசீது எண்ணைக் கட்டாயப் புலமாக்கினேன்" என்று எழுதினால்தான் அனுபவம் தெரியும். நண்பர் எழுதியதை நகலெடுத்தவர்கள் ஏசிசிஏவின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி உறுப்பினர் தகுதியையே இழந்திருக்கிறார்கள்.

இன்னொன்று: எந்தத் தகுதியும் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமையை நேரடியாகத் தராது. அதற்கு அக்ரா எனும் அரசின் கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையத்தில் பொதுக் கணக்காளராகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

யாருக்கு எது

சிபிஏ ஆஸ்திரேலியா என்ற ஆஸ்திரேலியக் கணக்காளர் தகுதியும் இங்கே பரவலாக அறியப்பட்டதுதான். பட்டம் வேண்டும், தொழில்முறை நிலையில் 6 பாடங்கள், மூன்றாண்டு அனுபவம். ஆஸ்திரேலியா போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் பாருங்கள்.

உள்ளூர்க் கணக்கியல் பட்டமும் தணிக்கை நிறுவன வேலையும் கையில் இருந்தால் சிங்கப்பூர் சிஏ. பிரிட்டனின் ஐசிஏஇடபிள்யூ கணக்காளர் அமைப்பு, ஆஸ்திரேலிய-நியூசிலாந்துச் சிஏ அமைப்பு ஆகியவற்றோடு இஸ்காவுக்குப் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தங்கள் உள்ளதால் வெளிநாட்டுக் கதவும் அடைபடாது. டிப்ளோமாவோடு தேசிய சேவை முடித்து வேலைக்குப் போனவர், சிறு நிறுவனத்தில் இருப்பவர், ஊருக்குத் திரும்பும் வாய்ப்புள்ளவர் ஆகியோருக்கு ஏசிசிஏ. 2027 முதல் ஏசிசிஏவின் அமைப்பு மாறுவதால், இப்போது சேர்பவர் மாற்றக்கால விதிகளைப் படித்துவிட்டுத் தாள் வரிசையை அமைக்க வேண்டும்.

சேரும் தேதியிலும் கவனம் வேண்டும். ஏசிசிஏவின் ஆண்டுச் சந்தா எப்போது சேர்ந்தாலும் ஜனவரி 1இல் விழும். விலக்கு பெற்ற ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்டணம் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு பதிவு செய்யுங்கள்.