ஆயாவின் அண்டாவுக்கு ஈயம் பூசிக் கொடுத்த வேலூர்ப் பட்டறை

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் குறுகலான சந்து ஒன்றில், பெயர்ப் பலகை எதுவும் இல்லாமல், தகரக் கூரைக்குக் கீழே நடந்துவரும் ஈயம் பூசும் பட்டறையைப் பற்றியது இந்த மதிப்புரை. சென்ற ஆவணியில் என் அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தது. அந்த விருந்துக்காக, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரணில் கிடந்த எங்கள் ஆயாவின் (பாட்டியின்) பித்தளை அண்டாவை இங்கே கொடுத்து ஈயம் பூசி வாங்கினேன். ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் கொடுப்பேன். அந்த அரை எங்கே குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயாவின் திருமணச் சீராக வந்த அதன் வெளிப்புறத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, அவருடைய பெயரும் 1951 என்ற ஆண்டும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ நாற்பது லிட்டர் கொள்ளும். இரண்டு பக்கமும் வளையங்கள். அவற்றைப் பொருத்திய ஆணிகளின் தலைகள் உட்புறத்தில் குமிழ்போல் புடைத்துத் தெரியும். கொசப்பேட்டையில் இருந்த ஆயாவின் வீட்டில் யாருடைய பிறந்தநாள் வந்தாலும், அதை ஆங்கிலத் தேதியில் கொண்டாட மாட்டார்கள். நட்சத்திரம் பார்த்து, காலையில் கோயிலில் அர்ச்சனை செய்து, வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, மதியம் இந்த அண்டாவில் முள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைப்பார்கள். என் பிள்ளைப் பருவத்தில் பிறந்தநாள் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வந்தது இனிப்பு அல்ல, வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலை) எள்ளும் அம்மியில் அரைபடும் வாசனைதான்.

கோயில் என்று நான் சொல்வது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை. இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: என் அம்மாவின் சிறுவயதில் அந்தக் கோயில் கருவறையில் சுவாமியே கிடையாது. பல தலைமுறைகளாக வழிபாடு நின்றுபோயிருந்தது. கல்யாண மண்டபத்தின் யாளிகளையும் தூண்களையும் பார்த்துவிட்டு வரலாமே தவிர, ஒரு கற்பூரம் ஏற்ற முடியாது. 1981இல்தான் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள். அப்போது அம்மாவுக்கு இருபத்தாறு வயது. எனக்கு ஓராண்டு நிறைந்தபோது, ஆயா தம் கையால் வைத்த பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அகழியைக் கடந்து போனதை அம்மா இன்றும் ஒவ்வொரு பிறந்தநாளிலும் சொல்வார். அதனால் எங்கள் வீட்டில் பிறந்தநாளும் கோயிலும் சமையலும் வேறு வேறு அல்ல; ஒன்று விடுபட்டால் மற்ற இரண்டும் குறையாகவே தோன்றும்.

குறை நேர்ந்தும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அண்ணன் மகனின் பிறந்தநாளுக்கு, வாடகைக்கு எடுத்த எவர்சில்வர் பாத்திரத்தில் இதே குழம்பை வைத்தோம். மெல்லிய அடி, விறகடுப்பின் சூடு ஒரே இடத்தில் தாக்கி, அரைத்து ஊற்றிய மசாலா அடிப்பிடித்துவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் அளவில் நேர்ந்தது. ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். புளித்தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால், "ஆணிக்கு ரெண்டு விரல் கீழே நிக்கணும்" என்பார். அந்த அளவுக்கு எட்டுக் கிலோ கத்தரிக்காய், அறுபது பேர். அம்மாவின் நோட்டிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறது. ஆணியே இல்லாத வாடகைப் பாத்திரத்தின் முன் நின்றுகொண்டு இரண்டு விரலை எங்கே வைப்பது? அன்றுதான், நாங்கள் கைமாற்றி வைத்திருப்பதாக நினைத்த சமையல் குறிப்பில் பாதி அந்த அண்டாவிலேயே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

அண்டாவைப் பரணிலிருந்து இறக்கியபோது உட்புறத்தில் ஈயம் பெரும்பாலும் தேய்ந்து, பித்தளையின் மஞ்சள் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. ஈயம் போன பித்தளையில் புளி கொதித்தால் களிம்பு ஏறும், குழம்பு கசக்கும், குமட்டலும் வாந்தியும் வரும். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று நம்மவர்கள் பழமொழி சொல்வார்கள். ஆனால் புளியைத் தாங்க வேண்டுமென்றால் அந்தப் பித்தளைக்கு ஈயம்தான் துணை.

பட்டறையை நடத்துபவர் அறுபது வயதைக் கடந்த பாய் ஒருவர். உதவிக்கு அவர் மகன் மட்டும் இருக்கிறார். நான் முதலில் கேட்டது, பூசுவது எந்த ஈயம் என்பதைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் தெருவில் வந்த ஒருவரிடம் சின்னக் குண்டான் ஒன்றைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்; பூசிய மறுநாள் வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுத்தது. நமக்கு வேண்டியது வெள்ளீயம். விலையைக் குறைக்க அதில் காரீயத்தைக் கலந்துவிட்டால், அது உணவில் இறங்கி உடம்பில் தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடப்போகும் பிறந்தநாள் விருந்துக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

பாய் கோபப்படவில்லை. "நீங்களே கேட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லி, வெள்ளீயக் கம்பி ஒன்றை என் காதருகே பிடித்து வளைத்தார். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் நறநறவென்று மெல்லிய ஓசை எழுந்தது. வெள்ளீயத்தின் உள்ளே இருக்கும் படிகங்கள் நெரிபடும்போது எழும் ஓசை அது. காரீயத்தை வளைத்தால் சத்தமே வராது. பிறகு அதே கம்பியை ஒரு தாளில் இழுத்துக் காட்டினார். காரீயமாக இருந்திருந்தால் பென்சிலால் இழுத்ததுபோல் சாம்பல் கோடு விழுந்திருக்கும். வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு வாயால் சத்தியம் செய்யாமல் கையால் செய்து காட்டுகிற கடைக்காரரைப் பார்ப்பது அரிது.

இன்னொன்றும் என் மனத்தில் நின்றது. அண்டாவோடு வெண்கலப் பானையையும் எடுத்துப் போயிருந்தேன். அதை விரலால் தட்டி ஓசையைக் கேட்டவர், இது நல்ல வெண்கலம், பொங்கல் வைக்கிற பானைக்கு ஈயம் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெண்கலம் தாமிரமும் வெள்ளீயமும் சேர்ந்தது. அதில் புளி வைக்காமல் அரிசியும் பருப்பும் வெல்லமும் பொங்குகிற வரையில் பூச்சு வேண்டியதில்லை என்பதுதான் நம் வீடுகளின் வழக்கமும். வாங்கிப் பூசியிருந்தால் அவருக்குக் கூலி கிடைத்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது.

வேலையை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தார்கள். முதலில் புளியும் செங்கல் தூளும் போட்டுப் பழைய அழுக்கும் களிம்பும் போகும்வரை தேய்க்கிறார்கள். பெயர் வெட்டிய இடத்தைச் செங்கல் தூளால் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அங்கே சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு, வெறும் புளியால் மட்டும் துடைத்தார் மகன். பிறகு கரி அடுப்பு. முன்பு துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதி இருக்கிறது. அண்டாவைச் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவியதும் கண்ணை எரிக்கும் வெண்புகை கிளம்புகிறது. உலோகத்தின் மேல் படிந்த மாசுப் படலத்தை நீக்கி, ஈயம் பிடிக்க வழி செய்வது அந்த நவச்சாரம்தான். அடுத்த கணமே ஈயக் கம்பியைச் சுவரில் வைத்து அழுத்த, அது உருகி ஓட, பஞ்சுச் சுருளால் வட்டமாக இழுத்துப் பூசுகிறார். மங்கலாக இருந்த உட்புறம் நிலவொளி படர்ந்ததுபோல் வெளுத்துக்கொண்டே போகிறது. நான் கவனித்துப் பார்த்தது ஆணித் தலைகளைச் சுற்றியுள்ள இடுக்குகளை. மோசமான வேலையில் முதலில் மஞ்சள் தெரியும் இடம் அதுவே. பாய் அந்த நான்கு ஆணிகளுக்கும் தனித்தனியாக நவச்சாரம் தூவி, இரண்டாம் முறை ஈயம் வைத்தார்.

வேலையின் நடுவே அவர் சொன்ன ஓர் எச்சரிக்கை, எங்கள் குடும்பக் குறிப்பில் எனக்கு நெடுநாளாக விளங்காமல் இருந்த ஒரு வரியை விளக்கியது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது. எண்ணெயை மட்டும் ஊற்றிக் காயவிடவும் கூடாது. தண்ணீர் இருக்கும்வரை சூடு அந்த எல்லைக்குப் போகாது. ஆயா ஏன் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்குவதையும் கடுகு தாளிப்பதையும் இரும்புச் சட்டியில் தனியாகச் செய்து, கொதிக்கும் புளித்தண்ணீரில் கொட்டச் சொன்னார் என்பது அன்றுதான் புரிந்தது. அது சுவைக்காக என்று அம்மா நினைத்திருந்தார். வீண் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அது ஈயத்தைக் காப்பதற்கான முறை.

இனி அந்த அரை மதிப்பெண். வெள்ளிக்கிழமை மாலை தருவதாகச் சொன்ன அண்டா சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் கிடைத்தது. நட்சத்திரம் வாரநாளில் வந்ததால் கோயில் அர்ச்சனையை அன்றே முடித்துவிட்டு, விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தோம். அறுபது பேரை அழைத்துவிட்டுச் சந்து முனையில் காத்து நின்ற அந்த ஒரு நாள் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. தொலைபேசியில் அழைத்தாலும் எடுக்கவில்லை. வேலை தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பில் கொடுப்பதில்லை என்பதையும், வெளிப்புறத்தின் அடியில் கரிப்புகை படிந்த கறை முழுதும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கறை அடுப்பில் எப்படியும் படியப்போவது என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை நேதாஜி மார்க்கெட்டிலிருந்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் எட்டுக் கிலோ வாங்கினோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் இது. காம்பில் முள் கையைக் குத்த வேண்டும். குத்தாத காயை ஆயா வாங்க மாட்டார். காம்பைக் கழிக்காமல் நான்காகக் கீறி, இரும்புச் சட்டியில் பகுதி பகுதியாக வதக்கி எடுத்துவைத்தோம். மல்லாட்டை, எள், தனியா, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வறுத்து அரைத்தாயிற்று. அண்டாவில் நான் புளித்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். ஆணிக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சொம்பு ஊத்தும்மா" என்றார். ஊற்றினேன். இறுதியில் ஒரு துண்டு வெல்லம். அடிப்பிடிக்கவில்லை, கடைசிப் பந்தி வரை சூடு ஆறவில்லை, கசப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. மிஞ்சிய குழம்பை அன்று மாலையே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டோம்.

கழுவும்போது கம்பி நாரையும் மணலையும் தொடாமல், தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளும் பயன்படுத்தினேன். கிளறுவதற்கு மரத் துடுப்பு. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் உட்புறத்தில் மஞ்சள் எங்கும் தெரியவில்லை, ஆணி இடுக்குகள் உட்பட. துணி கறுக்கவில்லை. தை மாதம் அண்ணன் மகனின் பிறந்தநாளுக்கு அண்டா குடியாத்தம் போகிறது. கூடவே அனுப்புவதற்காக, இரும்புச் சட்டியின் காரணத்தையும் சேர்த்து அம்மாவின் நோட்டிலிருந்து குறிப்பை எழுதி வைத்திருக்கிறேன்.

அண்டாவுக்கு நான் கொடுத்தது 2,400 ரூபாய். பாத்திரத்தின் எடையையும் பிடிக்கும் ஈயத்தையும் பார்த்துக் கூலி சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும். விருந்து இருந்தால் குறைந்தது பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். சொன்ன நாளுக்கு ஒரு நாள் கூட்டிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர் வெட்டியிருந்தால் கொடுக்கும்போதே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். மகன் சாக்கட்டியை எடுத்து வட்டம் போட்டுக்கொள்வார்.