ஜென்டூவின் போர்ட்டேஜ்: கம்பைல் வரிசை எவ்வளவு தூரம் நம் கையில்?

ஜென்டூ லினக்ஸில் மென்பொருளை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்து (கட்டி) நிறுவுவது போர்ட்டேஜ். எந்தப் பேக்கேஜுக்கு எது முன்னால் வரவேண்டும் என்று கணக்கிடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வரிசையை நாமே எழுதிக் கொடுக்க அதில் வழியில்லை. அதன் ‘எமர்ஜ்’ கட்டளையில் பெயர்களை எப்படி மாற்றித் தட்டினாலும், எது எதை நம்பியிருக்கிறது என்ற சார்பு பார்த்துத்தான் அடுக்கும். முன்னால் வேண்டியதை ‘ஒன்ஷாட்’ என்ற விருப்பத்தைப் போட்டுத் தனியாக ஓட்டுவதே நேர்வழி. நாம் கேட்டு நிறுவியவற்றைக் குறித்துவைக்கும் வேர்ல்ட் பட்டியலும் குப்பையாகாது.

தொடங்குமுன், ஒன்றும் நிறுவாமல் பட்டியலை மட்டும் காட்டும் ‘ப்ரிடெண்ட்’, அதைச் சார்பு மரமாகக் காட்டும் ‘ட்ரீ’ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மரம் தலைகீழாக வரும். அடியில் இருப்பதுதான் முதலில் கம்பைல் ஆகும்.

எழுத்துரு நூலகங்களான ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸ்ஸும் ஒன்றையொன்று கேட்டு நின்றால், ஃப்ரீடைப்பை ‘ஹார்ஃப்பஸ்’ யூஸ் ஃபிளாக் (ஒரு வசதியைச் சேர்க்கவோ விடவோ சொல்லும் குறி) இல்லாமல் ஒருமுறை கட்டி, ஹார்ஃப்பஸ்ஸை ஏற்றி, ஃப்ரீடைப்பை மறுபடி கட்டவேண்டும். இந்த யோசனையைப் பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது. அருமையான வேலை!

கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழையோடு கரண்ட் போவது புதிதல்ல. அப்படி நின்றால் ‘ரெஸ்யூம்’ மீதிப் பட்டியலை அதே வரிசையில் தொடரும். பாதியில் நின்ற பேக்கேஜ் மட்டும் முதலிலிருந்து. அதனால் வெப்கிட், லிப்ரே ஆபீஸ் போன்ற கனமானவற்றை ‘எக்ஸ்க்ளூட்’ போட்டு ஒதுக்கிவிட்டு, வெயில் தணிந்த இரவில் ஓட்டுவது நல்லது. க்யூட்டி நூலகத் தொகுப்பின் வெப்எஞ்சினிடம் மட்டும் இது செல்லாது. மற்ற க்யூட்டி பேக்கேஜ்களும் அதே பதிப்பில் இருக்கவேண்டும் என்பதால், அதை ஒதுக்கினால் மொத்த அப்டேட்டும் முட்டிக்கொள்ளும்.

பலர் சறுக்குவது ரேமில். ஒரு கம்பைல் வேலைக்கு 2 ஜிபி என்பது ஜென்டூ கையேட்டின் கணக்கு. லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் வாங்கிய 8 ஜிபி மினி கணினியில் எத்தனை த்ரெட் இருந்தாலும், ஒரு பேக்கேஜுக்கு ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸ் 4-ஐத் தாண்டக்கூடாது. அதன்மேல் ‘ஜாப்ஸ்’ 2 கொடுத்தால் இரண்டு கனமான பேக்கேஜ்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து 8 வேலைகளாகி, 16 ஜிபி கேட்கும். ரேம் போதாமல், லினக்ஸின் மையமான கெர்னல் அந்தக் கம்பைலரையே கொன்றுவிடும். செயலியின் சுமைக்கு வரம்பு வைக்கும் ‘லோட் ஆவரேஜ்’ இதைத் தடுக்காது, அது ரேமைப் பார்ப்பதே இல்லை. கனமானவற்றுக்கு மட்டும், பேக்கேஜ்வாரியாக அமைப்பை மாற்றும் ‘பேக்கேஜ்.என்வ்’ வழியாக மேக்ஆப்ட்ஸை 2 என்று குறைத்து வையுங்கள்.

ஒன்று தோற்றால் எல்லாம் நிற்காதிருக்க ‘கீப் கோயிங்’ போதும். தோற்றதை நம்பியிருப்பவற்றை நீக்கிவிட்டு வரிசையை மறுபடி கணக்கிடும்.

இவ்வளவுக்கும் நேரமில்லாதவர்களுக்கு ஏற்கெனவே கம்பைல் செய்த பேக்கேஜ்களைத் தரும், 2023 டிசம்பரில் ஜென்டூ அறிவித்த பைனரி சேவை இருக்கிறது. ‘கெட்பின்பேக்கேஜ்’ சேர்த்தால் யூஸ் ஃபிளாக் பொருந்துபவை கம்பைல் ஆகாமலே இறங்கும்.