லிப்சொல்வ் பேக்கேஜ எடுக்கட்டா எண்டு கேட்ட மச்சானுக்கு

மச்சான், லிப்சொல்வ் பேக்கேஜப் பராமரிக்கிற வேலைய எடுக்கட்டா எண்டு கேட்டாய், உனக்கு ரெண்டு வரில சொல்லலாமெண்டு தொடங்கினன், நீண்டுபோச்சு, அதால பொதுவாவே போடுறன், மத்த ஆக்களும் வாசிக்கட்டும்.

லினக்ஸ்ல சொஃப்ட்வெயார் பேக்கேஜ்கள இறக்கிப் போடுற டிஎன்எஃப், ஸிப்பர் ரெண்டுக்கும் அடியில இரிக்கிறது இதுதான். 2008ல ஓப்பன்சூசே எண்ட லினக்ஸ்ட 11.0ஓட வந்த சாட் சொல்வர் (எந்தெந்த பேக்கேஜ் ஒண்டோடொண்டு ஒத்துப்போகுமெண்டு தர்க்கக் கணக்காப் போட்டுப் பாக்கிறது), இப்ப கோண்டா எண்ட பேக்கேஜ் கருவியும் 23.10 வேர்ஷன்லருந்து லிப்மாம்பா எண்ட லைப்ரரி வழியா இதத்தான் பாவிக்குது. வேகத்தில குறை சொல்லவே ஏலாது. டிபென்டன்சி கணக்கு, அதாவது எதுக்கு எது வேணுமெண்டு பாக்கிறது, என்பி-கம்ப்ளீட் எண்ட கஷ்டமான வகை, அதக் கல்லடில என்ட பழைய லெப்டொப்பிலயே சட்டெண்டு முடிச்சிடும்.

என்ட எரிச்சல் வேற. அது விடையச் சொல்லும், ஏனெண்டு விளங்குற மாதிரிச் சொல்லாது. இன்னதுக்கு இன்னது வேணும், தாறதுக்கு ஒண்டுமில்ல எண்டு ஒரு வரி வரும், அவ்வளவுதான். நடந்தது என்னெண்டா, ஆரோ ஒராள் தன்ட லைப்ரரில சோநேம (லைப்ரரிட வேர்ஷனச் சொல்ற பேர) மாத்திட்டு அத நம்பி இரிக்கிற பேக்கேஜ்கள திருப்பி பில்ட் பண்ணாம விட்டிரிப்பாரு, சொல்வர் அதச் சரியாப் புடிச்சு நிப்பாட்டியிரிக்கும், ஆனா பக் ரிப்போர்ட் வாறது எனக்கு, தலைப்பு 'சொல்வர் உடஞ்சி போச்சு'. சண்டைய விலக்கப் போனவனுக்குத்தான் அடி. பதில் எழுதி எழுதிக் கை ஓஞ்சி போச்சு கா.

பில்ட் ஆப்ஷன் தலையிடியும் இரிக்கு. காம்ப்ளெக்ஸ் டெப்ஸ ஓஃப் பண்ணி பில்ட் பண்ணினா 'அது இருந்தா இது வேணும்' மாதிரி நிபந்தனை ஒண்டையும் அதுக்கு விளங்காது. கோண்டாவுக்கு வேற ஆப்ஷன், டெபியனுக்கு வேற. அதோட ஒரு பயம்: பிழையான சொல்வர் ஒண்டு அப்டேட்ல போயிட்டுதெண்டா, அதத் திருத்தின பேக்கேஜ எடுக்கிறதுக்கும் அதே சொல்வர்தான் வேணும். பிறகு ஒவ்வொருத்தரும் ஆர்பிஎம் பேக்கேஜ் ஃபைல நேரடியாக் கையால போட வேண்டியதுதான். அதால ரிலீஸ் எண்டா வெள்ளிக்கிழமை நான் தொடவே மாட்டன்.

ஆனா டெஸ்ட்கேஸ் எண்டு ஒண்டு இரிக்கே, அதுக்காகவே இத வெச்சிரிக்கலாம். ரிப்போர்ட் போட்ட ஆள்ட்ட டிபக் சொல்வர் ஆப்ஷனப் போட்டு ஓட்டச் சொன்னா, அந்த மெஷின்ல என்னென்ன கிடக்கு, ரெப்போல (பேக்கேஜ்கள் கிடக்கிற சேர்வர்ல) என்ன இரிக்கு, என்ன கேட்டாங்க, எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல எழுதிக் குடுத்துடும். அத டெஸ்ட்சொல்வ் எண்ட கருவில போட்டா அவண்ட பிரச்சின என்ட மேசையில அப்பிடியே வரும். ரெப்போவ இறக்கத் தேவல்ல, நெட் படுத்தாலும் வேல ஓடும். ஜேர்மன்காரன் மெஷினோ பிரேசில்காரன் மெஷினோ, ஆள்ட்டத் திருப்பித் திருப்பிக் கேக்கத் தேவல்ல. இவ்வளவு மரியாதையா நடந்துகொள்ற சொஃப்ட்வெயார் நான் வேற காணல்ல.

அப்ப எடுக்கட்டா எண்டா, எடுக்காத. விளையாட்டுக்குச் சொல்லல்ல, ஒரு ஃபொண்ட் பேக்கேஜ எடுத்துட்டு நிம்மதியா இரி. இல்ல, எடுத்துத்தான் தீருவனெண்டா, டெஸ்ட்கேஸ் இல்லாத ரிப்போர்ட்டுக்கு இரவு பத்து மணிக்குப் பிறகு பதில் எழுதாத.