கையில் அதிர்வுக் கருவியா, காதில் இம்ப்ளான்டா?

பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு காது மிஷின் மாட்டியும் பலனில்லை என்று தெரிந்ததும், திருநெல்வேலிப் பக்கத்துப் பெற்றோர் சிலர் உள்காதில் மின்முனைகள் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்குப் பயந்து, பேச்சொலியைத் தோலில் அதிர்வாகக் காட்டும், கையில் கட்டும் அதிர்வுக் கருவி போதாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அந்தக் கருவி விளையாட்டுச் சாமான் இல்லை.

‘அம்மா’, ‘அப்பா’ இரண்டையும் கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். தோலில் அப்படி இல்லை. ‘ம்ம்’ விடாமல் அதிரும், ‘ப்ப்’ வரும்போது அதிர்வு சட்டென்று அறுந்து திரும்ப வரும். படம், பாடம் வித்தியாசம் அதிர்வின் நீளத்திலேயே பிடிபடும். ல, ள, ழ மட்டும் கேட்காதீர்கள், அது காது கேட்கிற நமக்கே தகராறு.

ஆனால் தோலுக்கு ஒரு எல்லை உண்டு. 250 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 250 அதிர்வு) பக்கம் நன்றாக உணரும், 1000 தாண்டினால் அநேகமாக ஒன்றும் தெரியாது. அதனால் ‘ச’ மாதிரி கீச்சு ஒலிகளை, டாக்டெய்ட் 2 என்ற பழைய அமெரிக்கக் கருவி தனியாக இரண்டாவது அதிர்வியில் தட்டிக் காட்டியது. அடுத்து வந்த டாக்டெய்ட் 7-இல் ஏழு அதிர்விகள். மெல்போர்னில் செய்த டிக்கிள் டாக்கர் விரல்களின் ஓரத்தில் லேசான மின்கூச்சம் கொடுத்தது. எல்லாமே உதட்டசைவு பார்ப்பதற்குத் துணைதான்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வேறு ரகம். 12 முதல் 22 மின்முனைகள் நேராக செவிநரம்பைத் தூண்டுவதால், சின்ன வயதிலேயே வைத்த பிள்ளைகளில் பலர், முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டாலும் திரும்பி, முகம் பார்க்காமலே பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யலாம், ஒன்று இரண்டு வயதிலேயே என்றால் இன்னும் நல்லது. தொல்லை ஆபரேஷனுக்கு அப்புறம்தான்: பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் பஸ் ஏறி அலைச்சல், வெளியே மாட்டும் கருவியின் ரிப்பேர் செலவு, நம்ம ஊர் வெயிலில் வியர்வை வேறு.

இருந்தாலும் ஸ்கேனில் நரம்பு நன்றாக இருந்தால் இம்ப்ளான்ட்தான் என்பேன். ‘முதலில் இரண்டு வருஷம் அதிர்வைப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டால் மூளை பேச்சைப் பழகுகிற வயது போய்விடும். நரம்பே உருவாகாத பிள்ளை, மூளைக்காய்ச்சலில் காக்ளியா (மின்முனைகள் வைக்கும் உள்காதுச் சுருள்) எலும்பாக இறுகிப்போன பிள்ளை, இவர்களுக்கு அதிர்வுக் கருவி உண்மையிலேயே உதவும்.

எதை எடுத்தாலும் சைகை மொழியை விடாதீர்கள். காது கேளாதோருக்கான பாளையங்கோட்டை பிளாரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளி இருக்கிற ஊர்ப் பக்கத்திலேயே, சைகை கற்றால் பேச்சு வராது என்று இன்னும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.