அனான்சியா, லோக்கியா: யாருடைய தந்திரம் கெட்டி?

மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் சொல்லும் சிலந்தி அனான்சி. உலகத்துக் கதைகள் எல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருந்த காலத்தில் அவற்றை விலைக்குக் கேட்கிறான். கடவுள் கேட்ட விலை: மலைப்பாம்பு, கதண்டுக் குளவிக் கூட்டம், சிறுத்தை, காட்டுக் குட்டித் தேவதை.

பாம்பு இருக்கும் இடத்துக்குப் பனைமட்டையும் கொடியுமாகப் போகிறான். "இது நீளமா, அவர் நீளமா?" என்று தனக்குத்தானே வாதாடுகிறான். பாம்பு தானாகவே மட்டையோடு நீண்டு படுத்துக் கட்டுப்படுகிறது. கதண்டுகள்மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீதியைத் தன்மேல் ஊற்றி, தலையில் வாழையிலையைப் போட்டுக்கொண்டு, "மழை வந்துவிட்டது, இந்தச் சுரைக்குடுக்கைக்குள் வாருங்கள்" என்கிறான். தன்னையும் நனைத்துக்கொண்டதால்தான் அவை நம்புகின்றன. சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் நுணுக்கம் இது. இன்னொன்றையும் விடுகிறார்கள்: பாம்புக்கும் கதண்டுக்கும் யோசனை சொன்னது அவன் மனைவி அசோ. அவளை நீக்கினால் அனான்சி வெறும் மேதாவி ஆகிவிடுவான். கதை சப்பென்று போகும்.

வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணத்து லோக்கிக்கு இப்படித் திட்டம் எதுவும் கிடையாது. ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தபடி, அவன் முதலில் கெடுப்பான், பிறகு மாட்டிக்கொண்டு ஈடு கட்டுவான். இடிக் கடவுள் தோரின் மனைவி சிஃபின் கூந்தலை வெட்டுகிறான். தோருக்குப் பயந்து குள்ளர்களிடம் பொன் கூந்தல் செய்யச் சொல்கிறான். அதோடு நிற்காமல், "இதற்கு இணையான பொருள்களை உன் சகோதரனால் செய்ய முடியாது" என்று பிராக் என்ற குள்ளனிடம் தன் தலையையே பந்தயம் வைக்கிறான். தோற்கக் கூடாதென்று ஈயாக மாறி, துருத்தி ஊதும் பிராக்கின் இமையைக் கடிக்கிறான். ரத்தத்தைத் துடைக்கக் கை ஒரு கணம் விலகியதில் உலையில் உருவாகிக்கொண்டிருந்த தோரின் சுத்தியலுக்குப் பிடி குட்டையானது. அப்படியும் பந்தயம் போயிற்று. "தலை உனக்கு, கழுத்து உனக்கில்லை" என்று தப்பினாலும் உதட்டைத் தைத்துவிட்டார்கள்.

தந்திரத்தின் வேலைப்பாட்டில் அனான்சிதான் கெட்டி. எதிராளியின் பெருமையும் பயமுமே அவனுக்குக் கயிறு. குழந்தைகளுக்குக் கதை சொல்லவும் அவனிடமிருந்தே தொடங்கலாம். நீண்ட கதையோட்டம் வேண்டுமென்றால் லோக்கி. ஆனால் வரிசை முக்கியம்: கூந்தல் கதை முதலில், எல்லாரும் நேசித்த பால்டர் என்ற தேவனின் சாவு பிறகு. புல்லுருவிக் கொம்பால் பால்டரைக் கொல்ல வைப்பதை முதலிலேயே சொன்னால் லோக்கி வெறும் வில்லன். ஈடு கட்டியே தப்பியவன் என்று தெரிந்த பிறகுதான், இந்த இழப்புக்கு ஈடே இல்லை என்பது கேட்பவருக்கு உறைக்கும்.