99201-உம் என் 45,000 ரூபாயும்

பி.எஸ்சி. முடித்துவிட்டு பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வீட்டோடு கிடந்தேன். மாரத்தஹள்ளி பாலத்துக்குப் பக்கத்தில் மெடிக்கல் கோடிங், அதாவது இன்ஷூரன்ஸ் பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடுகிற வேலையைச் சொல்லித்தரும் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டுக்கு அப்பாவோடு போனேன். கன்னடத்தில் ஆரம்பித்த கவுன்சிலர் நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நமக்கு ஜோலார்பேட்டை" என்றார். அவ்வளவுதான், அப்பா விழுந்துவிட்டார். சீட்டு எடுத்த பணம் 45,000 ரூபாயை ஒரே தடவையில் கட்டினோம். "சி.பி.சி.ங்கிற கோடர் சர்டிஃபிகேட் பரீட்சை ஃபீஸும் இதுலயே சேர்த்தி, வேலைக்கு நான் கேரண்டி" என்றவர், ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் எழுதித் தந்தார்.

மூன்று மாதம் வகுப்பு. புத்தகம் என்று தந்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. அதில் வருஷமே இல்லை, எனக்கும் உறைக்கவில்லை. டாக்டர் செய்ததற்கு சி.பி.டி. கோடு, நோய்க்கு ஐ.சி.டி. கோடு, இரண்டும் ஒத்துப்போனால்தான் அமெரிக்க இன்ஷூரன்ஸ் பணம் தரும். இதையெல்லாம் நன்றாகத்தான் சொல்லித்தந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. புது பேஷண்ட் என்றால் 99201 முதல் 99205 வரை என்று பஸ்ஸில்கூட முணுமுணுத்துக்கொண்டு வருவேன்.

வைட்ஃபீல்டில் இன்டர்வியூ. "புது பேஷண்ட், ஆபீஸ் விசிட், ரொம்பச் சின்னப் பிரச்சினை. என்ன கோடு?"

"99201, மேடம்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதை 2021 ஜனவரியிலேயே எடுத்துட்டாங்களேம்மா. எந்த வருஷத்துப் புக்ல படிச்சே?"

சி.பி.டி. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும், ஐ.சி.டி. ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் மாறுமாம். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. 'சர்டிஃபைட் கோடர்' என்று நான் நீட்டிய தாளும் இன்ஸ்டிட்யூட்டே அச்சடித்துக்கொண்டது. சி.பி.சி. தருவது அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. அமைப்பு: 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோடு புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். என்னிடம் இருந்ததோ அந்த ஜெராக்ஸ் கட்டு.

திரும்பிப் போய்க் கேட்டேன். "பரீட்சை ஃபீஸ் தனிம்மா, நீ சரியாக் கேட்டிருக்க மாட்டே" என்றார் ஜோலார்பேட்டைக்காரர். வேலை என்று பொம்மனஹள்ளியில் ராத்திரி ஷிப்டுக்கு அனுப்பினார். அது ஏ.ஆர். காலிங், வராத பில் பணத்துக்காக அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுகிற வேலை. கேவலமான வேலையில்லை, என் தோழி அதில் நன்றாக இருக்கிறாள். ஆனால் அதற்கு யாராவது 45,000 கட்டுவார்களா?

சேர நினைப்பவர்கள் டெமோ வகுப்பிலேயே கோடு புத்தகத்தின் அட்டையைக் காட்டச் சொல்லி, எந்த வருஷத்துப் புத்தகம் என்று பாருங்கள். பரீட்சை ஃபீஸ் யார் கட்டுவது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது அந்த ரசீதும், 'எல்லாம் சேர்த்திதான்மா' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜும். அதை நல்லவேளையாக அழிக்காமல் வைத்திருந்தேன்.